இழுத்தால் நிற்காத வண்டி

மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகவே போகாத ஒரு ஸ்கூட்டருக்குப் பயந்து நான் ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஊரைச் சிரிக்க வைப்பது எனக்குப் பாதிப் பிழைப்பு. மீதிப் பாதி மாட்டு வண்டி. எங்கள் ஊர் அகரத்தைச் சுற்றி யார் வயலுக்குக் குப்பை எரு அடிப்பதென்றாலும், வைக்கோல் ஏற்றுவதென்றாலும் என் வண்டிதான் போகும். யார் வீட்டுக் காளையாவது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் மறிப்பதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். கொம்புக்கு முன்னால் போய் நிற்பேன், மாடு நிற்கும். அப்படிப்பட்ட வீரன், மாட்டுக் கொட்டத்தில் கரண்டு குடித்துக்கொண்டு சும்மா நிற்கிற ஒரு பிளாஸ்டிக் சாமானைச் சுற்றிக்கொண்டு போனேன். அது உதைக்குமோ என்று.

வண்டி எனக்காக வரவில்லை. என் பெண்டாட்டிக்காக வந்தது. அவள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். எங்கள் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர், நேராகப் பஸ் கிடையாது. பன்னிரண்டு வருஷமாகச் சைக்கிளில் போய் வந்தாள். மாசி மாதம் வலது முட்டி வீங்கியது. திண்டுக்கல்லில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் பெடல் மிதிக்கக் கூடாது, அந்தக் காலில் பாரம் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். முழு ஆண்டுப் பரீட்சை முடிகிறவரை அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு டீச்சர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கோடை லீவு விட்ட அன்று அந்த டீச்சருக்கு மாற்றல் வந்தது.

அன்று சாயங்காலம் அவள் அரிசி களைந்துகொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்ல உக்காந்துரலாம்னு பாக்குறேன், மாமா."

அவள் என் தாய்மாமன் மகள். சின்ன வயசிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுவாள், மரியாதையெல்லாம் அந்த ஒரு வார்த்தையோடு சரி. அந்தப் பள்ளிக்கூடத்தில் எண்பது பிள்ளைகள். எந்தப் பிள்ளை முட்டையில் மஞ்சள் கருவைத் தூக்கிப் போடும், எது இரண்டாந்தடவை கேட்கக் கூச்சப்படும் என்று அவளுக்குத் தெரியும். வேலையை விடுகிறேன் என்று சொன்னவள், களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தாள். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. எனக்கு என்னவோ போல ஆனால் வாய் முந்திக்கொள்ளும்.

"நான் இருக்கும்போது ஒனக்கென்ன புள்ள? வண்டி வாங்கு. ராணியாட்டம் ஏத்திக் கொண்டுபோயி எறக்குறேன்."

"மாமா, நீ சைக்கிளே ஓட்ட மாட்டியே."

"ஓட்டத் தெரியாம இல்ல. எனக்கும் சைக்கிளுக்கும் பேச்சுவார்த்த இல்ல, அம்புட்டுத்தான்."

அவள் சிரித்தாள். சிரித்தபோதே தெரிந்துவிட்டது, மாட்டிக்கொண்டேன் என்று. காலை ஊன்றி நிறுத்த முடியாதவள் தானே ஓட்டவும் முடியாது, மாட்டு வண்டியை அவளுக்கென்று ஒதுக்கினால் குப்பை அடிக்கிற பிழைப்பு போய்விடும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலை ஒன்பது மணிக்குள் அவளை அந்தச் சமையல்கூடத்து வாசலில் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் அவள் வேலை போகும். இறக்கப் போகிற வழியில் நான் அவளைக் கீழே தள்ளினால் முட்டியே போகும்.

திண்டுக்கல்லில் மில் வேலை பார்க்கிற அவள் தம்பி, லைசென்ஸ் தேவையில்லாத கரண்டு வண்டி ஒன்றைப் பார்த்துக் கொண்டுவந்தான். லைசென்ஸ் என்றால் கம்ப்யூட்டரில் கேள்வி கேட்பார்களாம். என்னிடம் கம்ப்யூட்டர் கேள்வி கேட்டால் அதற்குத்தான் பைத்தியம் பிடிக்கும் என்பதால் இந்த ஏற்பாடு.

புது வண்டியைப் பிள்ளையார் கோயில் முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, சூடம் காட்டி, முன் சக்கரத்துக்கு ஒன்று பின் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மச்சினன் சாவியை என் கையில் கொடுத்தான்.

"ஏறி உக்காருங்க மச்சான். பழத்து மேல ஏத்தி எறக்குங்க. செத்த முறுக்குனா போதும்."

நான் உட்கார்ந்து சாவியைப் போட்டுத் திருகினேன். எந்தச் சத்தமும் இல்லை. மாடு என்றால் மூச்சு விடும், வாலை ஆட்டும், ஏதாவது ஒரு தாக்கல் தகவல் சொல்லும். இது செத்த எருமை மாதிரி நின்றது. "இன்னும் ஸ்டார்ட் ஆகலையே மாப்ளே" என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியைப் பிடித்து நிமிர்ந்தேன். வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிப் பாய்ந்தது. பாய்ந்ததும் நான் பயந்தேன், பயந்ததும் அது இன்னும் வேகமாகப் பாய்ந்தது. கோயில் வேப்பமரத்தடியில் இரண்டு கால்களையும் மண்ணில் தேய்த்து, மரத்தைக் கட்டிப்பிடித்துத்தான் நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் இரண்டு பழமும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. ஒன்றில்கூடச் சக்கரம் படவில்லை.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். "பழத்துக்கு வலிக்கும்னு ஒதுங்கிப் போனேன்" என்றேன். ஆனால் பழம் நசுங்காதது நல்லதுக்கில்லை என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. என் பெண்டாட்டி நொண்டிக்கொண்டே போய் இரண்டு பழத்தையும் எடுத்துவந்து, மரத்தடியில் நின்ற வண்டியின் சக்கரத்துக்கடியில் வைத்து, "தள்ளுடா" என்று தம்பியிடம் சொன்னாள். அவன் தள்ளி நசுக்கினான். பிள்ளையார் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாரா என்று எனக்கு ராத்திரி முழுக்கச் சந்தேகம்.

பழகுவதற்குக் கண்மாய்க்குப் போனேன். வைகாசியில் கண்மாயில் தண்ணீர் ஏது? பாளம் பாளமாக வெடித்த மண், ஓரத்தில் சீமைக்கருவேலம். மச்சினன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். வந்து இரண்டு ஞாயிற்றில் நிற்கவும் திரும்பவும் ஒரு மாதிரி கற்றுக்கொடுத்தான். நேராகப் போவதில் எனக்குக் கஷ்டமே இல்லை. கால் இரண்டையும் வாத்து மாதிரி தொங்கப் போட்டுக்கொண்டு போவேன். ஏதாவது குறுக்கே வந்தால்தான் வினை. நாய் வந்தால், பள்ளம் வந்தால், பனங்காய் கிடந்தால்கூட, வண்டி நிற்பதற்குப் பதிலாகச் சீறிக்கொண்டு அதை நோக்கியே போகும். கடைசியில் கருவேல முள்தான் என்னை வாங்கி வைத்துக்கொள்ளும்.

கண்மாயில் ஆடு மேய்க்கிற ஒரு பெரியம்மா உண்டு. தினமும் கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ஏப்பு, இன்னைக்கு எந்தப் பக்கம் விழுகப் போற?"

"எதுக்கு கேக்குறீக?"

"இல்ல, ஆட்ட அந்தப் பக்கம் விடாம இருப்பேன். நீ விழுந்தா எந்திரிச்சுருவ. குட்டி எந்திரிக்காது."

"எனக்கு அடிபட்டாப் பரவாயில்லையா?"

"ஒன்ன யாரு சந்தைக்கு ஓட்டிட்டுப் போகப் போறா?"

முதுகில் முள்ளைப் பிடுங்கிவிடுவதும் அவர்தான். பிடுங்கும்போது எண்ணுவார். பதினேழு வரை போன நாளும் உண்டு.

நான் வண்டி மேல் குறை சொன்னேன். "மாப்ளே, இதுக்குப் புத்தி கோளாறு. நில்லுன்னா ஓடுது." அவன் நம்பி, வாங்கின கடைக்கே ஓட்டிக்கொண்டு போனான். அங்கே மெக்கானிக் மூன்று தடவை ரோட்டில் போய்வந்து, வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிரேக்கைப் பிடித்தாலே மோட்டார் தானாக அடங்கிவிடுமாம். எனக்கு அடங்கவில்லை. மெக்கானிக்குக்குத்தான் கண் சரியில்லை என்று ஊரில் சொல்லி வைத்தேன்.

உண்மை தெரிந்தது என் மாட்டு வண்டியில். தாடிக்கொம்புப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் குப்பை ஏற்றிக்கொண்டு போனேன். திருப்பத்தில் ஒரு லாரி திடீரென்று முகத்துக்கு நேராக வந்தது. நான் எதுவும் நினைக்கவில்லை. இரண்டு கையும் கயிற்றைச் சேர்த்து நெஞ்சுப் பக்கம் இழுத்தன. "ஹோ ஹோ" என்றேன். மாடு இரண்டும் அந்த இடத்தில் நின்றன. லாரி போனது. நான் கையை இறக்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். முஷ்டியாக இறுகிய கை. உள்பக்கமாக மடங்கிய மணிக்கட்டு. என்னைப் பார்த்து, என் பக்கமாக இழுத்த கை.

ஸ்கூட்டரிலும் வலது கைப்பிடியை உள்பக்கமாகத் திருகினால்தான் வேகம்.

பத்து வயசில் கயிறு பிடித்தவன் நான். முப்பத்தைந்து வருஷமாக, பயம் வந்தால் இழு, இழுத்தால் நிற்கும் என்று கைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கை நன்றாகப் படித்துவிட்டது. வண்டியில் ஏறி எனக்குப் பயம் வந்தால் கை நிறுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு முறுக்குகிறது. வண்டி ஓடுகிறது. ஓடுவதைப் பார்த்து எனக்கு இன்னும் பயம். கை இன்னும் இழுக்கிறது. கோளாறு வண்டியில் இருந்தால் கடையில் விட்டுச் சரிசெய்யலாம். கையை எந்தக் கடையில் விடுவது?

நடுரோட்டில் மாட்டை நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரை நான் விழுந்ததெல்லாம் சிரிப்பாக இருந்தது. பின்னால் அவள் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நாய் குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் முழுசாக யோசித்தேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் வாய்க்கால் பாலம் ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் சுவர் கிடையாது. அது கண்ணுக்குள் வந்து நின்றுகொண்டது.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை எழுதிக் கொடுத்துவிடுவாள். மாட்டை மறிக்கிறவனுக்கு ஸ்கூட்டர் பயம் என்று எப்படிச் சொல்வது? "எம்புட்டுத் தூரம் தேறிருக்க?" என்று கேட்பாள். "ரேஸுக்குப் பேரு குடுக்கலாம்னு இருக்கேன்" என்பேன். ராத்திரி படுத்தால் தூக்கத்தில் கை இழுக்கும். போர்வைதான் பக்கத்தில் வரும்.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது, ஆள் ஏறினால் வண்டி எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆளை ஏற்றத் தைரியமில்லை. ஒரு தவிட்டு மூட்டையைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்தேன். வழுக்காமல் இருக்க அவளுடைய பழைய சேலை ஒன்றால் சுற்றிக் கட்டினேன். கண்மாய்க்குள் இறங்கியதும் குடைக்குக் கீழிருந்து குரல் வந்தது.

"இன்னைக்குப் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வந்துட்டியா?"

"ஆமா. வாயே தொறக்க மாட்டேங்குறா. சொர்க்கமா இருக்கு."

ஒரு சுற்று போனேன். இரண்டாவது சுற்றும் போனேன். மூட்டை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மூன்றாவது சுற்றில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி துள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. அவ்வளவுதான். கை இழுத்தது. குட்டி தப்பித்தது. வண்டி கருவேலத்துக்குள் போய்ச் சாய்ந்தது. நான் ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம். சேலை முள்ளில் நீளமாகக் கிழிந்து தொங்கியது. மூட்டை வாய் பிளந்து தவிடு கொட்ட, ஆடுகளெல்லாம் கல்யாணப் பந்திக்கு வந்த மாதிரி ஓடிவந்தன.

நான் எழுந்து முகத்தைத் துடைத்தபோது கரைமேல் என் பெண்டாட்டி நின்றாள். கையில் மோர்ச் செம்பு. எனக்கு மோர் கொண்டுவர நொண்டிக்கொண்டே அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள்.

"பாரு புள்ள, ஆட்டுக்கெல்லாம் விருந்து வச்சுட்டேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. முள்ளில் தொங்கிய சேலையையே பார்த்தாள்.

"அது நானா, மாமா?"

முள்ளிலிருந்து சேலையை எடுத்து மடிக்கப் பார்த்தேன். பெரியம்மா குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"கை இழுக்குது புள்ள" என்றேன். "பயந்தா, மாட்டுக் கயித்த இழுக்குறாப்ல இழுக்குது. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குது. ஒன்ன வச்சு ஓட்ட எனக்குப் பயமா இருக்கு."

அவள் செம்பை நீட்டினாள். நான் குடித்தேன். வாயில் மோரும் தவிடும் சேர்ந்து வந்தன.

"எத்தன நாளாத் தெரியும்?"

"பத்து நாளா."

"பத்து நாளா ரேஸுக்குப் பேரு குடுத்துட்டு இருந்திருக்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். வேலையை எழுதிக் கொடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். என் வாயால் தொடங்கியது என் கையால் முடிந்தது என்று என்னையே திட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

மறுநாள் விடிந்ததும் கொட்டத்தில் அவள் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருந்தாள். சாவி அவள் இடுப்பில். வலது கைப்பிடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு, அதை ஒட்டி அசையாத பாகத்தில் ஒரு கோடு. இரண்டும் நேருக்கு நேர்.

"ஏறி உக்காரு."

"எதுக்கு?"

"உக்காருன்னா உக்காரு. வெரல பிரேக்குல வையி. பயந்தா வெரல மடக்கு, மணிக்கட்ட விடு. இழுக்காத."

உட்கார்ந்தேன். அவள் எங்கோ போய்விட்டாள். மாடு அசை போட்டது. நான் கொட்டாவி விட்டேன். திடீரென்று காதுக்குப் பின்னால் இடி விழுந்தது. அண்டா மூடியில் சமையல் கரண்டியால் ஓங்கி அடித்திருக்கிறாள். மாடு இரண்டும் துள்ளின. நான் கத்தினேன். அவள் நிதானமாகக் குனிந்து சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள். இரண்டு கோடும் இரண்டு ஊரில் இருந்தன.

"இப்ப நான் வாய்க்கால்ல கெடக்கேன்" என்றாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் பால் கறந்த பிறகு, மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால், சாயங்காலம் விளக்கு வைக்கும் முன்னால். என்னை உட்கார வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போவாள். எப்போது அடிப்பாள் என்று தெரியாது. சில நேரம் அடிக்கவே மாட்டாள். அதுதான் கொடுமை. அடிக்காத அண்டாவுக்குப் பயந்து முதுகு விறைத்துக் கிடப்பேன். ஒருநாள் தண்ணீரைச் சொம்போடு மூஞ்சியில் ஊற்றினாள். ஒருநாள் கோழியைத் தூக்கி மடியில் போட்டாள். ஒவ்வொரு தடவையும் குனிந்து கோட்டைப் பார்த்து, தனக்கு என்ன ஆனது என்று சொல்வாள்.

"முட்டி போச்சு."

"தலையில அடி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாக."

"நான் பொழைச்சேன். ஆனா பாத்திரமெல்லாம் வாய்க்கால்ல போயிருச்சு."

ஒருநாள் சாயங்காலம் எழுந்து போகும்போது, "இன்னைக்கு நாலு தடவ செத்துட்டேன். போதும். சோத்துக்கு வெஞ்சனம் வைக்கணும்" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த பிறகு அந்த நாலு தடவையையும் நினைத்துப் பார்த்தேன். வண்டியைவிட்டு இறங்காமல் இருட்டும்வரை உட்கார்ந்து, விரலை மடக்கி மணிக்கட்டை விட்டு, மடக்கி விட்டு, என் கையோடு பேசிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் கரண்டி எங்காவது பட்டாலும் கையில் விரல் மடங்க ஆரம்பித்தது. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. அதற்குள் ஊரில், பெண்டாட்டி கரண்டியைத் தூக்கினால் நான் கத்துகிறேன் என்று செய்தி பரவியிருந்தது. அது பொய்யில்லை என்பதால் நான் மறுக்கவில்லை.

கடைசி வாரம் சாவியைக் கொடுத்தாள். கண்மாய்க்குப் போனேன். வெயில் இறங்கிய நேரம். தூரத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டை மங்கலாகத் தெரிந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. காலை உள்ளே எடுத்து வைத்தேன். அதுவரை நான் காலை உள்ளே வைத்ததே இல்லை. வண்டி மண்ணில் அலுங்காமல் போனது. சட்டைக்குள் காற்று புகுந்து முதுகில் உப்பியது. ஐந்தாவது சுற்றில் எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை, சும்மா சிரித்துக்கொண்டே போனேன். எத்தனை சுற்று சுற்றினேன் என்று தெரியவில்லை.

"ஏப்பு, எறங்குப்பு! பாத்துப் பாத்து எனக்குத் தல சுத்துது" என்று கரையிலிருந்து சத்தம் வந்தது.

ஒரு குட்டி குறுக்கே வந்தது. நிறுத்தினேன். ஆனால் அது தூரத்திலேயே வந்தது. எனக்குப் பயம் வர நேரம் இருக்கவில்லை. பயம் வந்தால் கை என்ன செய்யும் என்பது எனக்கு இன்னும் தெரியாது என்று வீட்டுக்கு வரும் வழியில் நினைவுக்கு வந்தது. சிரிப்பு போய்விட்டது.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று விடியற்காலையிலேயே விழித்துவிட்டேன். அவள் குளித்து, புதுச்சேலை கட்டி, பையை மாட்டிக்கொண்டு நின்றாள். தலைக்கவசம் இரண்டு வாங்கி வைத்திருந்தோம். போட்டதும் இரண்டு பேரும் பூசணிக்காய் மாதிரி இருந்தோம். மடங்காத முட்டியை ஒரு பக்கமாக நீட்டி, என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். தவிட்டு மூட்டை அசையாது. இவள் மூச்சு விடுகிறாள். அந்த மூச்சு என் பிடரியில் பட்டது.

"மாமா."

"என்னா?"

"ஒண்ணும் பேசாத. பேசுனா நீ ஜோக்கு சொல்லுவ. சொன்னா திரும்பிப் பாப்ப."

பேசவில்லை. வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தது அன்றுதான். காட்டுப் பாதையில் போனோம். கத்தரித் தோட்டம், தென்னந்தோப்பு எல்லாம் மெதுவாகப் பின்னால் போயின. எங்களைச் சைக்கிளில் ஒருத்தர் தாண்டிப் போனார். போகட்டும். வாய்க்கால் பாலம் தெரிந்தது. அன்று தண்ணீர் விட்டிருந்தார்கள், இரண்டு பக்கமும் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

பாலத்தை நெருங்கும்போது எதிர்ப்பக்க வளைவிலிருந்து ஒரு வேன் வந்தது. நிலக்கோட்டைச் சந்தைக்குப் பூ ஏற்றுகிற வேன், மேலேயும் மூட்டை. நான் வருவதைப் பார்க்காத வேகம். ஹாரன் வேறு அடித்தான். நான் கண்ணை இறுக்கி மூடிவிட்டேன். அவள் என் தோளைப் பிடித்த பிடி மட்டும் தெரிந்தது. பிறகு காற்று அடித்தது, மல்லிகை வாசம் வந்தது, வேன் போய்விட்டது.

நாங்கள் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தோம். எப்படி நின்றோம் என்று எனக்குத் தெரியவில்லை. இடது கால் தரையில் ஊன்றியிருந்தது.

"எறங்கிக்க புள்ள" என்றேன். "பாலத்த நடந்து தாண்டிரு. நான் வண்டியத் தள்ளிட்டு வாரேன்."

"எறங்குனா மறுபடி ஏற முட்டி கேக்காது."

"எனக்குப் பயமா இருக்கு."

"பயந்துக்க. யாரு வேணாங்குறா? மொதல்ல ஒங் கையப் பாரு."

குனிந்து பார்த்தேன். நாலு விரலும் பிரேக்கை மடக்கிப் பிடித்திருந்தன. மணிக்கட்டு தளர்ந்து கிடந்தது. என்னைக் கேட்காமல், நான் கண்ணை மூடிய நேரத்தில், அதுவாகச் செய்திருக்கிறது. விரலைப் பிரிக்கத்தான் கொஞ்ச நேரம் ஆனது. ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

பாலத்தைத் தாண்டினோம். நடந்து போகிறவன் எங்களைப் பிடித்திருப்பான், அவ்வளவு மெதுவாகத் தாண்டினோம். சமையல்கூடத்து வாசலில் நிறுத்தியபோது பிள்ளைகள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இறக்கின. லீவில் வளர்ந்துவிட்டிருந்த ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். செத்த நேரத்தில் ஓட்டு இடுக்கு வழியாகப் புகை வந்தது.

நான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவன். வண்டியைத் திருப்பினேன். பின் சீட்டு காலியாக இருந்தது. பாலம் நினைவுக்கு வந்தது. வண்டியை மறுபடி மரத்தடியில் நிறுத்தினேன். ஒரு மணி நேரம் கழித்து அவள் கஞ்சித் தண்ணீர் கொட்ட வெளியே வந்தாள்.

"இன்னும் போகலையா நீ?"

"நிழல் நல்லா இருக்கு."

"மாமா."

"தனியாப் போகப் பயமா இருக்கு. நீ பின்னால இருந்தாத்தான் கை ஒழுங்கா இருக்கும்போலத் தெரியுது. சோறு வேகட்டும், ஒரு வாய் தின்னுட்டு, ரெண்டு மணிக்குச் சேந்தே போவோம்."

"பிள்ளைக சோத்துல ஒரு பருக்க தர மாட்டேன். மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா? காலையிலருந்து கட்டுத்தறியில கெடக்கு. கெளம்பு." கரண்டியோடு ஒரு அடி முன்னால் வந்தாள். "ரெண்டு மணிக்கு வந்து என்னக் கூட்டிட்டுப் போகணும். தெரியும்ல?"

மாடு என்றதும் வண்டியைத் திருப்பினேன். ஏறி உட்கார்ந்தேன். விரலைப் பிரேக்கில் வைத்தேன். அவள் உள்ளே போகவில்லை, கஞ்சிப் பாத்திரத்தோடு வாசலிலேயே நின்றாள். வளைவு வரை நிற்பது தெரிந்தது, பிறகு திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பாலம் வந்தது. நிறுத்தினேன். எதிரே ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். வாய்க்கால் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு போனது. யாரும் வரவே இல்லை. பிறகு போனேன்.